வாசகர் கேள்வி – பதில்: தையில் தொடங்கும் பாடத்துக்கு ஆடியிலேயே வேலை

கேள்வி: ஊரில் தையல் வகுப்பு நடத்துகிறேன். பீடி சுற்றும் பெண்களால் பகலில் வகுப்புக்கு வர முடியவில்லை. அவர்களுக்காகப் பிளவுஸ் தையலைத் தபாலிலும் போனிலுமாக 12 வாரப் பாடமாகக் கொடுக்க விரும்புகிறேன். தீபாவளிக்கு முன் தொடங்கிவிடலாமா?
– வாசகி, முக்கூடல்

பதில்: வேண்டாம். ஐப்பசியில் தீபாவளித் துணிகளே உங்களை மூச்சுவிட விடாது. அடுத்து மழை. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரை புரண்டபோது சாலையும் கரண்டும் போனில் சிக்னலும் ஒருசேரப் போனதை நாம் பார்த்தோம். பொங்கல் கழித்துத் தொடங்குங்கள். இப்போது ஆடி. கையில் இருக்கும் ஐந்தாறு மாதம் 12 வாரப் பாடத்துக்குச் சரியாக இருக்கும், அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் பாடத்திலிருந்து எழுத ஆரம்பிக்காதீர்கள். 12-ஆவது வாரம் அந்தப் பெண் என்ன தைத்து அனுப்ப வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். தன் அளவுக்கு ஒரு லைனிங் பிளவுஸ் என்றால், தோள் நழுவக் கூடாது, கழுத்து தூக்கக் கூடாது, ஹூக் பட்டி இரண்டு பக்கமும் சமமாக முடிய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறித்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். கை வைப்பதற்கு இரண்டு வாரம், டார்ட்டுக்கு (உடல் வளைவுக்கேற்ப மடித்துத் தைக்கும் மடிப்பு) ஒரு வாரம் என்று கணக்குத் தானாக வரும். எந்தப் பாடம் தேவையே இல்லை என்பதும் அப்போதுதான் தெரியும்.

பீடிக்கடையில் கொடுத்துவிட்டு வந்து, சமையலும் முடித்தபின் ஒருவருக்கு இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பத்து நிமிடத்தில் வெட்டுவது புதியவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதனால் ஒரு பாடத்தில் ஒரே ஒரு வேலை.

வெட்டும் பேப்பர் அளவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பிரிண்ட் எடுக்கும் கடையில் பக்கத்துக்குள் அடங்கும்படி கம்ப்யூட்டர் சுருக்கிவிடும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் 10 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்து, ஸ்கேல் வைத்து அளந்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். அது 9.6 ஆகக் குறைந்திருந்தால் 36 அங்குல மார்புச் சுற்றளவில் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் போய்விடும். அந்தப் பிளவுஸ் மாட்டவே மாட்டாது. காட்டன் லைனிங்கை நனைத்துக் காயவைத்து வெட்ட வேண்டும் என்பதையும் முதல் தாளிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.

வீடியோ ஐந்து, ஆறு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். எதிரே கேமரா வைத்தால் இடம் வலம் மாறிவிடும், உங்கள் தோளுக்கு மேலிருந்து எடுங்கள். வெளிர் துணியில் கருப்பு நூல் போட்டுத் தைத்துக் காட்டுங்கள். மிஷின் ஓடும்போது பேசாதீர்கள். சொல்லி முடித்துவிட்டு ஓட்டுங்கள். பல வீடுகளில் போன் ராத்திரி வரை வீட்டுக்காரரோடு வேலைக்குப் போயிருக்கும். வீடியோ இல்லாமலேயே அச்சுத் தாளைப் பார்த்துத் தைக்க முடிய வேண்டும்.

புரட்டாசிக்குள் நான்கு பாடம் முடித்து, உங்களிடம் படிக்காத மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். கை எங்கே நிற்கிறதோ அங்கே தாளில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. ‘பின் பாகத்தைத் துணி மடிப்பின் மேல் வை’ என்பது உங்களுக்குக் கைப்பழக்கம், அதனால் எழுத மறந்திருப்பீர்கள். அவரோ திறந்த ஓரத்தில் வைத்து வெட்டி, முதுகை இரண்டு துண்டாக்கியிருப்பார். திருத்தி எழுதவே ஐப்பசி, கார்த்திகை போய்விடும்.

ஒவ்வொரு வாரமும் தைத்ததை வெளிப்புறம் ஒன்று, உட்புறம் ஒன்று என இரண்டு படம் வாங்குங்கள். பக்கத்தில் இஞ்ச் டேப் இருக்க வேண்டும். 20 பேருக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலே மூன்று மணி நேரத்துக்கு மேல். முதல் தடவை 15 பேரைத் தாண்டாதீர்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாத குடும்பம் நம் பக்கம் அபூர்வம். அந்த வாரம் பாடம் வேண்டாம். பிசான நெல் அறுவடை நேரத்துக்கு இன்னொரு வாரம் காலியாக விடுங்கள். 12 வாரப் பாடத்துக்கு 14 வார நாட்காட்டி.

கேள்வி: அஞ்சல் வழியில் பி.காம். சேரப் போகிறேன். முன்கூட்டியே என்ன செய்து வைக்க வேண்டும்?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: முதலில் பெயர். ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இன்றே திருத்த விண்ணப்பியுங்கள். தொலைநிலைக் கல்வியில் சேர யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தளத்தில் மாணவர் எடுக்கும் டெப் ஐடி (DEB ID) என்ற அடையாள எண் 2024 முதல் கட்டாயம். அதை எடுக்க ஏபிசி ஐடி (ABC ID, மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் கடைசி வாரத்தில் அங்கேதான் சிக்கும். நீங்கள் சேரும் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டு, அந்தப் பாடத்துக்கு அனுமதி உண்டா என்பதை யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். சேர்க்கை மையத்தில் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

நேரக் கணக்கும் போடுங்கள். பாடத்தின் அளவைக் கிரெடிட்டில் சொல்வார்கள். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் தாளுக்கு 120 மணி நேரம். 24 வாரத்தில் முடிக்க வாரம் 5 மணி நேரம். நான்கு தாள் இருந்தால் வாரம் 20 மணி நேரம். வேலைக்குப் போகிறவர் என்றால் அசைன்மென்ட்டைத் தேர்வுக்கு முந்தின வாரம் வரை தள்ளாமல், ஒவ்வொரு தாளையும் பாதி படித்ததுமே எழுதத் தொடங்குங்கள்.