மழை வந்தால் டூரை நிறுத்துவது யார்?

கேள்வி: பிளஸ் ஒன் வகுப்பு ஆசிரியை நான். போன வருடம் அரையாண்டு லீவில் பிள்ளைகளைக் குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று பஸ்ஸில் கூட்டிப்போனோம். மழை பிடித்துக்கொண்டதால் திருநெல்வேலி லாட்ஜிலேயே அடைந்து கிடந்தோம். பிள்ளைகள் அழுகை, பெற்றோர் போனில் சத்தம். கூட வந்த ஆசிரியர் 'கிளம்பிடலாம்' என்கிறார், தலைமையாசிரியரோ 'நீங்களே பார்த்துக்கோங்க' என்கிறார். இந்த வருடமும் என்னையே போகச் சொல்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
– ஓர் ஆசிரியை, சேலம் மாவட்டம்

பதில்: பிள்ளைகளை வெளியே விடாமல் லாட்ஜில் வைத்திருந்தீர்களே, அது சரியான முடிவு டீச்சர். யார் என்ன சொல்லியிருந்தாலும் மனசை வருத்திக்கொள்ளாதீர்கள்.

ஆனால் முடிவு யார் கையில் என்பதே அங்கே தெரியாமல் இருந்திருக்கிறது, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. அழுகிற முகங்களைப் பார்த்துக்கொண்டு, வாசலில் பஸ் உறுமும்போது யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. அதனால் எந்த நிலைமையில் எந்த இடத்தை விட்டுவிடுவது என்பதை ஊரிலேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி, பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டிவிடுங்கள். வழியில் முடிவு சொல்வது நீங்கள் ஒருவர்தான் என்பதும் அதில் இருக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் போகாதீர்கள்.

என்ன எழுதுவது? வானிலை மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை மழை பெய்யலாம், சிவப்பு என்றால் அதற்கும் மேல். போகிற மாவட்டத்துக்குச் சிவப்பு என்றால் பஸ் நகரக்கூடாது, ஆரஞ்சு என்றால் மலை, அருவி, கடல் மூன்றும் கிடையாது. குற்றாலத்தில் இன்னும் கறாராக இருங்கள். கீழே தூறல்கூட இல்லாதபோதே மலையில் பெய்தது வெள்ளமாக இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது, கிட்டத்தட்ட உங்கள் பிள்ளைகளின் வயது. கன்னியாகுமரியில் கடல் சீற்றமென்றால் படகையே நிறுத்திவிடுவார்கள், அங்கே உங்களுக்குக் கவலை குறைவு.

அப்புறம் டிரைவர். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும், அவர் இறங்கி, கைலியை மடித்துக்கட்டி, நாலடி நடந்து பார்த்துவிட்டு 'தாண்டிடலாம் டீச்சர், போன மழைக்கும் போயிருக்கேன்' என்பார். ஆழம் அவருக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் அடியில் ரோடு இன்னும் இருக்கிறதா என்று யாருக்குமே தெரியாது. வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். முன்பணம் கொடுக்கும்போதே இதையும், மழையில் ராத்திரி ஓட்டக்கூடாது என்பதையும், வண்டி ஒரு நாள் சும்மா நின்றால் எவ்வளவு என்பதையும் பேசி எழுதி வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வாடகைக்குப் பயந்தே கிளம்பத் தோன்றும்.

நீங்கள் போகிற பக்கம் 2023 டிசம்பரில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, கரண்டும் செல்போன் சிக்னலும் போயின. அந்த நேரத்தில் ஜிபே எதற்கும் உதவாது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கிச் சாப்பிடுகிற அளவுக்கு ரொக்கம், பெற்றோர் எண்கள் எழுதிய காகிதம், தினமும் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைகளுக்குக் கூடுதல் மாத்திரை, நாப்கின், டார்ச் எல்லாம் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பெற்றோருக்குத் தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் ஒரே செய்தி அனுப்புங்கள், தகவல் வராதபோதுதான் வதந்தி கிளம்பும். பிள்ளைகளிடமும் மழுப்ப வேண்டாம். காலை டிபனுக்கு உட்காரும்போதே 'இன்னைக்குக் குற்றாலம் இல்லை, காரணம் இது' என்று சொல்லிவிட்டால், கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுப் பாட்டுக்குப் பாட்டு ஆரம்பித்துவிடுவார்கள். மழை லேசாகி ரோடும் நன்றாக இருந்தால் கூரையுள்ள இடங்களைப் பாருங்கள்: நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்கள், பக்கத்திலேயே கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்கள், குமரி வரை போக முடிந்தால் பத்மநாபபுரம் அரண்மனை (திங்கட்கிழமை மூடியிருக்கும்). ரோடு எப்படி இருக்கிறது என்று டிரைவரிடம் கேட்காமல், மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் கேளுங்கள், வேறு மாவட்டத்திலிருந்து கூப்பிட்டால் எஸ்.டி.டி. எண்ணை முன்னால் சேர்க்க வேண்டும்.