கமெண்ட் மட்டும் திருத்தி கெர்னலுக்கு பேட்ச் அனுப்பினால் மதிப்பார்களா?

தாராளமாக அனுப்புங்கள். லினக்ஸ் கெர்னலில் (அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) கமெண்ட்டை, அதாவது கோடுக்குள் மனிதர்கள் படிக்க எழுதிவைக்கும் குறிப்பை, மட்டும் சரிசெய்த பேட்ச்கள் (அனுப்பிவைக்கும் திருத்தங்கள்) எத்தனையோ சேர்ந்திருக்கின்றன. நீங்கள் கல்லூரியில் கடைசி வருடம் என்று நினைக்கிறேன். "இதெல்லாம் ஒரு வேலையா" என்று கூடப் படிக்கிற யாராவது சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்கு டிரைவர் (ஹார்டுவேரை இயக்கும் மென்பொருள்) எழுதுகிறேன். மூன்று வருடம் முன்பு, வேலையை விட்டுப் போன ஒருவரின் கோடு என் கைக்கு வந்தது. பஃபரில் (டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) டேட்டாவை எழுதும் வரிக்கும், 'தயார்' என்று ஃபிளாக் போடும் வரிக்கும் நடுவில் ஒரு மெமரி பேரியர், அதாவது முன்னால் எழுதியது தெரிந்த பிறகே பின்னால் எழுதியது தெரிய வேண்டும் என்று சிப்புக்குச் சொல்லும் கட்டளை. எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. தேவையில்லை என்று எடுத்துவிட்டேன். என் லேப்டாப்பில் இரண்டு நாள் ஓட்டினேன், கோளாறே இல்லை. லேப்டாப்பில் இருந்தது எக்ஸ்86 சிப். அதில் ஒரு கோர் (சிப்புக்குள் இருக்கும் தனித்தனிச் செயலிகளில் ஒன்று) எழுதியது எழுதிய வரிசையிலேயேதான் மற்ற கோர்களுக்குத் தெரியும். ஆர்ம் சிப்பில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஃபிளாக் முந்திக்கொண்டு தெரியலாம், டேட்டா பின்னால் வரலாம். எங்கள் வாடிக்கையாளரிடம் இருந்தது ஆர்ம் போர்டு.

ஆறேழு மணி நேரத்துக்கு ஒரு தடவை பழைய டேட்டா வரும். கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. அதுவும் மே மாதம். ராத்திரி டெஸ்ட் ஓடவிட்டால் கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து. யுபிஎஸ் விற்ற கடைக்காரர் மூன்று மணி நேரம் தாங்கும் என்றார், நாற்பது நிமிடத்தில் அணைந்தது. கேட்டால் "வேலூர் வெயில் சார், பேட்டரி என்ன செய்யும்" என்கிறார். விற்கும்போது அந்த வெயில் அவருக்குத் தெரியாதா? இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேரியரைத் திரும்ப வைத்து, மேலே இரண்டு வரி எழுதினேன்: டேட்டா முதலில், ஃபிளாக் பிறகு; படிக்கும் ஃபங்ஷனில் உள்ள ரீட் பேரியருக்கு (படிக்கும் வரிசையைக் காப்பது) இது ஜோடி. கெர்னலோடு வரும், பேட்ச்களைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டே கமெண்ட் இல்லாத பேரியரைப் பார்த்தால் எச்சரிக்கும். அதை அன்றைக்கு யாரும் ஓட்டவில்லை, நானும்தான்.

நல்ல கோடுக்குக் கமெண்ட் எதற்கு என்று இங்கே சிலர் வருவார்கள். கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமும் அளவுக்கு மீறி எழுதாதே, எப்படி ஓடுகிறது என்று விளக்காதே என்கிறது. எனக்கும் அதில் முழுச் சம்மதம். ஆனால் 'ஏன் இந்த வரிசை' என்பதை எவ்வளவு சுத்தமான கோடும் சொல்லாது.

எழுத்துப்பிழையோடு நிறுத்தாதீர்கள். பெயர் மாறிப்போன ஃபங்ஷனை இன்னும் பழைய பெயரில் சொல்லும் கமெண்ட், லாக் (ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே டேட்டாவைத் தொடாதபடி போடும் பூட்டு) எதைக் காக்கிறது என்று தவறாகச் சொல்லும் கமெண்ட், இவற்றைத் தேடுங்கள். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேமில் பழைய கமிட் (பதிவான மாற்றம்) வரை போய்ப் படியுங்கள். புதுக் கமெண்ட் சரி என்று எப்படி உறுதி செய்தீர்கள் என்பதைக் கமிட் செய்தியில் எழுதுங்கள். அனுப்பிய பிறகு பதில் வரவில்லை என்று உடனே மறுபடி அனுப்ப வேண்டாம், ஒரு வாரமாவது பொறுங்கள்.