பரணில் கிடக்கும் வீடியோ கேம்: கேள்வி பதில்

பழைய கேம் பெட்டிகளைப் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பெரம்பூரிலிருந்து தாம்பரம் வரை கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். சரி, ஆரம்பிக்கலாம்.

அண்ணா நகர், கல்லூரி மாணவர்: அண்ணா, எதைத்தான் ரெட்ரோ என்று சொல்வது? 20 வருடம் ஆனால் ரெட்ரோ என்கிறான் நண்பன். கேசட் போட்டு ஆடினால்தான் ரெட்ரோ என்கிறார் மாமா.

தம்பி, இரண்டு கணக்கும் எனக்கு ஒத்துவராது. பிஎஸ்2, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 2, ஜப்பானில் வந்தது 2000 மார்ச்சில். ஆனால் 2012 கடைசி வரை தயாரிப்பில் இருந்தது. 2000-ல் வாங்கியதும் 2012-ல் வாங்கியதும் ஒரே வயதா? நம் ஊர்க் கணக்கு இன்னும் வேறு. நிண்டெண்டோ கம்பெனியின் ஃபேமிகாம் பெட்டி ஜப்பானில் வந்தது 1983 ஜூலையில். அதன் நகல்கள் நம் வீடுகளுக்கு வந்தது 1990-களில். 2000-க்குப் பிறகும் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஜப்பான்காரருக்கு அப்போதே பழசு, நமக்குப் புத்தம் புதுசு.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். செய்த கம்பெனி கைகழுவிவிட்டதா? பார்ட்ஸ் வருவது நின்றுவிட்டதா? புது டிவியில் சொருக இடமில்லையா? ஆன்லைன் கடை மூடிவிட்டதா? இவை ஒவ்வொன்றாகச் சேர்ந்து, அந்தப் பெட்டி ஓடுவதும் ஓடாததும் இனி முழுக்க உங்கள் பொறுப்பு என்று ஆகிறதே, அன்றிலிருந்து அது ரெட்ரோ. மாமா சொல்லும் கேசட்டும் நண்பன் சொல்லும் வருடமும் அதற்கு அப்புறம்தான்.

போரூர், ஐடி ஊழியர்: அப்படியென்றால் என் பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டும்?

என் கணக்கில் இரண்டுக்கும் ஒரே பதில் இல்லை. 360-இன் ஆன்லைன் கடையை 2024 ஜூலை 29-ஆம் தேதி மூடிவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கியதைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், புதிதாக வாங்க முடியாது. 2005-ல் வந்த முதல் 360-களில் இன்றைய டிவியில் சொருகும் எச்டிஎம்ஐ கூட இல்லை. அது ரெட்ரோ வாசலைத் தாண்டிவிட்டது. பிஎஸ்3 கடையையும் மூடப்போவதாக 2021-ல் அறிவித்தார்கள். ஆடுகிறவர்கள் எதிர்த்ததும் முடிவைக் கைவிட்டார்கள். எல்லா பிஎஸ்3-யும் எச்டிஎம்ஐ-யோடு வந்தது, இன்றைய டிவியில் அப்படியே சொருகலாம். அதனால் அது இன்னும் வாசலில் நிற்கிறது.

இரண்டிலும் ஆரம்ப மாடல்கள் சூட்டில் சாகும். 360-இன் சிவப்பு வளையம், அதாவது பவர் பட்டனைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி படுத்துவிடும் கோளாறு, அவ்வளவு பரவியதால்தான் 2007-ல் அந்தக் கோளாறுக்கு மட்டும் வாரண்டியை 3 வருடமாக நீட்டினார்கள். யாராவது ஹீட் கன் வைத்துச் சூடான காற்றை ஊதிச் சரிசெய்து தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். சில வாரம் ஓடும், திரும்பப் படுத்துவிடும். அடுத்த முறை எழுப்புவது இன்னும் கஷ்டம்.

பெரம்பூர், வாசகி: 90-களில் அப்பா பர்மா பஜாரில் வாங்கித் தந்த டிவி கேம் இன்னும் வைத்திருக்கிறேன். அது டூப்ளிகேட், ரெட்ரோ கணக்கிலேயே வராது என்று ஒருவர் சொல்லிவிட்டார். உண்மையா?

இல்லவே இல்லை அக்கா. சென்னையில் வீடியோ கேம் எப்படி வந்தது என்று யாராவது எழுதினால், உங்கள் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிண்டெண்டோவின் அசல் பெட்டியைத் தொட்ட குழந்தைகள் இந்த ஊரில் மிகக் குறைவு. மரியோவும் கான்ட்ராவும் டேங்க்கும் நம் தெருவுக்கு வந்தது இந்த நகல் பெட்டி வழியாகத்தான்.

இது அசலை எவ்வளவு ஒட்டியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கேசட்டைத் திருப்பி அடிப்பக்கம் உலோகப் பட்டைகளை எண்ணினால் 60 இருக்கும், பக்கத்துக்கு 30. அது ஜப்பான் ஃபேமிகாமின் அமைப்பு. அமெரிக்காவுக்குப் போன பெட்டிக்கு 72. அதில் கம்பெனி அனுமதித்த கேசட்தானா என்று சோதிக்கும் பூட்டு சிப்பும் உண்டு. ஃபேமிகாமில் அந்தப் பூட்டு இல்லை. நகல் செய்கிறவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

பலவீனம் எங்கே என்றால், பிந்தைய நகல்களைத் திறந்தால் சிப்புக்குப் பதில் போர்டின் மேல் கருப்பாக ஒரு சொட்டு பிசின் இருக்கும். சிப்பை நேரடியாகப் போர்டில் ஒட்டி மேலே ஊற்றி மூடியது அது. அதற்குள் கோளாறு என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதைச் சுற்றியுள்ள மற்றதெல்லாம், அதாவது பவர் பின், ரெகுலேட்டர், ஸ்விட்ச், ஜாய்ஸ்டிக் வயர், சரிசெய்யக்கூடியவைதான். பெரும்பாலும் போயிருப்பதும் இவையேதான். அப்பா வாங்கித் தந்ததைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அதே கேள்வியோடு வந்த இன்னொன்று, மயிலாப்பூர்: யூடியூபில் கேட்கும் மரியோ பாட்டு நாங்கள் சின்ன வயதில் கேட்டதைவிட வேகமாக இருக்கிறதே, ஏன்?

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. ஜப்பான், அமெரிக்க டிவி நொடிக்கு 60 முறை படம் வரையும். நம் ஊர் டிவியின் ‘பால்’ (PAL) முறையில் 50 தடவை. அந்தக் காலத்து கேம்கள் படம் வரையும் ஒவ்வொரு முறையும் பாட்டை ஒரு அடி நகர்த்தும். 60-க்கு எழுதியதை 50-ல் ஓட்டினால் பாட்டும் ஆட்டமும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். ‘பால்’ டிவிக்காகச் செய்த நகல் சிப்புகளில் சுருதி மட்டும் அவ்வளவாக இறங்காது, ஏனென்றால் சிப்பின் ஓட்டம் அசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும்படி வைத்திருந்தார்கள். அதனால்தான் உங்கள் நினைவில் அதே பாட்டு, கொஞ்சம் நிதானமாக. நான் இன்றும் அந்த வேகத்தில்தான் கேட்கப் பிடித்தவன்.

கொளத்தூர், பள்ளி ஆசிரியர்: வாத்து சுடும் துப்பாக்கி எல்இடி டிவியில் வேலை செய்யவே இல்லை. துப்பாக்கி போய்விட்டதா?

துப்பாக்கி நன்றாகவே இருக்கும் சார். அது குண்டு விடுவதில்லை, வெளிச்சத்தைப் பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கருப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் உள்ள சென்சார் கருப்புக்கு அடுத்து வெள்ளையைப் பார்த்தால் அடிபட்டது என்று கணக்கு. அந்த வெள்ளையும் சும்மா வெள்ளை போதாது. பழைய குழாய் டிவி நொடிக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் கோடு வரைவதால் வரும் துடிப்பு அதில் இருக்க வேண்டும். எல்இடி-யில் அந்தத் துடிப்பு கிடையாது, படமும் தாமதமாக வரும்.

தீர்வு பழைய டிவிதான். 2006-ல் தொடங்கி அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி எத்தனையோ வீடுகளில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. இந்த விளையாட்டுக்கு அதுவே போதும். ஏவி சொருகி இல்லையென்றால் ஏரியல் வழியாகச் சேனலைத் தேடிப் பிடியுங்கள். ஒன்று மட்டும்: படம் வரவில்லை என்று பின்பக்க மூடியை நீங்களே கழற்றாதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும்.

தி. நகர்: சித்தப்பா ஜப்பானிலிருந்து சூப்பர் ஃபேமிகாம் கொண்டுவந்திருக்கிறார். பின் மாற்றி சொருகினால் போதுமா?

தயவுசெய்து வேண்டாம். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அடாப்டரின் மேல் 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால், ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் என்று கேட்டு 100 வோல்ட் தருவதை வாங்குங்கள். 110 தருவதுதான் சுலபமாகக் கிடைக்கும், அதனால் 100 தானா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு பெட்டியின் அடாப்டரைப் போடக்கூடாது. அமெரிக்க நிண்டெண்டோவின் அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏசி. அந்தப் பெட்டி உள்ளே டிசி-யாக மாற்றிக்கொள்ளும். ஜப்பான் ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, அதுவும் நடுப்பின் நெகட்டிவ். அந்த ஏசி அடாப்டரை ஃபேமிகாமில் போட்டால் பெட்டி போய்விடக்கூடும். நகல் பெட்டிகளில் நடுப்பின் எது என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும், அதனால் போர்டைப் பார்த்து மீட்டர் வைத்து உறுதி செய்தபிறகே சொருகுங்கள்.

ஆவடி: பிஎஸ்2 டிஸ்க் ரீட் எரர் காட்டுகிறது. லென்ஸ் மாற்றச் சொல்கிறார்கள்.

முதலில் ஒரு சோதனை. அடிப்பக்கம் நீலமாக இருக்கும் பிஎஸ்2 டிஸ்க் சிடி, வெள்ளியாக இருப்பது டிவிடி. இரண்டுக்கும் வேறு வேறு லேசர். ஒன்று மட்டும் ஓடவில்லையென்றால் அந்த லேசர் தளர்ந்துவிட்டது. இரண்டும் ஓடவில்லையென்றால் தூசி, ரிப்பன் கேபிள், மோட்டார் என்று தேட வேண்டும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு லென்ஸை மெதுவாகத் துடைத்தாலே பாதிப் பெட்டிகள் எழுந்துவிடும். லேசரை ஒட்டி இருக்கும் குட்டித் திருகைத் திருகிப் பவரை ஏற்றிவிடுவார்கள் சிலர். உடனே படிக்கும், ஆனால் மிச்சமிருக்கும் ஆயுளை அது தின்றுவிடும். காப்பி டிஸ்க் மட்டும் ஓடவில்லையென்றால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். எழுதிய டிஸ்க்கின் சாயம் நம் ஊர் வெயிலில் தானாக மங்கும்.

வேளச்சேரி: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கியது. பிஎஸ்2-வும் ஒரு பை நிறையக் கேசட்டும் அப்படியே மூட்டையாக வைத்திருக்கிறோம். ஏதாவது மிஞ்சுமா?

மிஞ்ச வாய்ப்பிருக்கிறது, ஆனால் ஒருமுறைகூட சொருகிப் பார்க்காதீர்கள். போர்டைக் கெடுப்பது தண்ணீரைவிட, அது விட்டுப்போன சேறும் உப்பும்தான். அவை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே செம்பை அரிக்கும்.

பெட்டியைத் திறந்து போர்டைத் தனியாக எடுங்கள். உள்ளே பட்டன் பேட்டரி இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். டிஸ்டில்டு வாட்டரில், பேட்டரிக்கு ஊற்றும் அதே தண்ணீர், மென்மையான பல் துலக்கும் பிரஷ் வைத்துச் சேற்றைக் கழுவுங்கள். அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு கழுவு. அது ஈரத்தைத் துரத்திவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் விடுங்கள், வெயிலில் வேண்டாம். பச்சையாகப் பூத்திருக்கும் இடங்களைப் படம் எடுத்துக்கொண்டு மீரான் சாகிப் தெரு பக்கம் போர்டு வேலை பார்ப்பவரிடம் காட்டுங்கள். பிஎஸ்2-வின் லேசரும் பவர் சப்ளையும் பிழைப்பது சிரமம். கேசட்டுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும், அதில் ஓடும் பாகம் எதுவுமே இல்லையே. எத்தனை வீடுகளில் வெள்ளத்தோடு இவை குப்பைக்குப் போயின என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனது கேட்பதில்லை. நீங்கள் எடுத்துவைத்ததே பெரிய விஷயம்.

பெசன்ட் நகர்: கேசட்டை ஊதிப் போட்டால் ஓடுகிறது. ஊதலாமா?

ஊதியதால் ஓடவில்லை, எடுத்துத் திரும்பப் போட்டதால் ஓடியது. வாய் ஈரம் பட்டைகளில் படிந்து அரிக்கும். அதுவும் உங்கள் பக்கம் கடற்காற்று வேறு. பஞ்சுக் குச்சி, ஆல்கஹால், கருப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். வைக்கும் டப்பாவில் சிலிகா ஜெல் பை இரண்டு போடுங்கள்.

நங்கநல்லூர்: அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய போக்கிமான் சில்வர் கேசட்டில் சேவ் ஆவதில்லை.

உள்ளே இருக்கும் சிஆர்2025 பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்த கேமில் கடிகாரமும் ஓடுவதால் சேவ் மட்டும் வைக்கும் கேசட்டைவிட இது சீக்கிரம் தீரும். பட்டை பற்றவைத்த பேட்டரியாகக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். வெறும் பேட்டரியின் மேல் நேரடியாகப் பற்றவைத்தால் அது வெடிக்கக்கூடும்.

குரோம்பேட்டை: பிஎஸ்பி-யின் (கையில் பிடித்து ஆடும் பிளேஸ்டேஷன்) பின் மூடி தானாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

பேட்டரி உப்பியிருக்கிறது. இன்றே கழற்றுங்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், வீட்டுக் குப்பையோடும் போடாதீர்கள். மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். சார்ஜரைச் சொருகினால் பேட்டரி இல்லாமலே பிஎஸ்பி ஓடும்.

விருகம்பாக்கம், ஒரு அம்மா: பையன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனுடைய பழைய கேம் சாமான்களைக் காயலான் கடைக்குப் போடலாமா? ஓடுமா என்றுகூடத் தெரியவில்லை.

அம்மா, முதலில் பையனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றாலும் எடைக்குப் போடாதீர்கள், எடைக்குப் போட்டால் உடைத்துச் செம்பை எடுத்துவிடுவார்கள். எந்த அடாப்டர் எந்தப் பெட்டிக்கு என்பது மாறிப்போகாமல் அதனதனோடு கட்டிவையுங்கள். ஜாய்ஸ்டிக்கில் பேட்டரி இருந்தால் எடுத்துவிடுங்கள், ஒழுகிவிடும். பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரை மட்டும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த மாடல், யாருக்குத் தேவைப்படும் என்று பார்த்துச் சொல்கிறேன்.