பணம் சேருமுன் வீடு பார்க்கப் போகலாமா?

அன்புள்ள அக்கா,

நங்கநல்லூரில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வாடகை 18 ஆயிரம் போக, எல்லாச் செலவும் முடிந்து மாதம் 35 ஆயிரம் மிச்சம் பிடிக்கிறோம், கையில் 9 லட்சம் இருக்கிறது. மேடவாக்கம் அல்லது பெருங்களத்தூர் பக்கம் 60 லட்சத்துக்குள் ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் வேண்டும். இப்போதிருந்தே பார்த்தால்தான் விலை பிடிபடும் என்று கணவர் ஞாயிற்றுக்கிழமையானால் கிளம்பிவிடுகிறார். பணம் இல்லாமல் வீடு பார்த்தால் ஆசைதான் வளரும் என்கிறார் மாமியார். போன வாரம் ஒரு பழைய ஃபிளாட்டுக்கு, 50 ஆயிரம் டோக்கன் கொடுத்தால் வேறு யாருக்கும் காட்ட மாட்டோம் என்றார்கள். கொடுக்கலாமா? எப்போதிருந்துதான் வீடு பார்க்க ஆரம்பிப்பது?

ஒரு வாசகி, நங்கநல்லூர்

அன்புள்ள தங்கைக்கு,

டோக்கன் கொடுக்காதீர்கள். இந்தக் கடிதத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எழுத்தில் எதுவும் இல்லாமல் கொடுக்கிற 50 ஆயிரத்துக்கு உங்கள் கையில் எந்தப் பிடியும் இருக்காது. மூன்று மாதத்தில் மீதியைப் புரட்ட முடியாது என்று தெரிந்ததும் "நீங்கள்தானே பின்வாங்கினீர்கள், உங்களுக்காக இரண்டு பார்ட்டியைத் திருப்பி அனுப்பினோம்" என்பார்கள், பணம் திரும்பி வருவது அவர்களுடைய நல்ல மனதைப் பொறுத்தது. நிறைய பேர் இதில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். மாட்டியவர்கள் பலர் அந்தப் பணம் போய்விடுமே என்ற பயத்திலேயே பர்சனல் லோன் எடுத்து, பிடிக்காத வீட்டை வாங்கியவர்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இப்போது உங்கள் கணக்கு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 60 லட்சத்துக்கு 48 லட்சம் கடன், 12 லட்சம் உங்களுடையது. இதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் பத்திரச் செலவு அந்த மதிப்புக்குள் வராது. தமிழ்நாட்டில் பழைய வீட்டுக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அதாவது 5 லட்சத்து 40 ஆயிரம், முழுக்க உங்கள் கையிலிருந்து. (புது ஃபிளாட்டின் முதல் பதிவுக்குச் சதவீதம் குறைவு, ஆனால் கட்டி முடிக்காத ஃபிளாட் என்றால் ஜிஎஸ்டி வந்து சேரும்.) புரோக்கர், வக்கீல், வங்கிச் செலவு, பெயின்ட், கிரில் என்று குறைந்தது 2 லட்சம் வையுங்கள். 19 லட்சத்தைத் தாண்டுகிறது, உங்களிடம் 9 இருக்கிறது. மாதம் 35 ஆயிரம் என்றால் மீதி சேர ஏறக்குறைய இரண்டரை வருஷம். இருவருடைய பி.எஃப். பணத்திலும் வீட்டுக்கென்று எவ்வளவு எடுக்க முடியும் என்று பாருங்கள், அது இந்தக் காலத்தை நன்றாகவே குறைக்கலாம்.

ஒரு நல்ல செய்தியும் இதற்குள் இருக்கிறது. 48 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத் தவணை மாதம் சுமார் 41,600. வாடகையும் சேமிப்புமாக நீங்கள் இப்போதே 53 ஆயிரம் ஒதுக்குகிறீர்கள். ஆக, தவணை கட்டும் தெம்பு உங்களுக்கு வந்துவிட்டது, கைப்பணம்தான் பாக்கி. அதனால்தான் உங்களுக்கு அவசரம் வேண்டாம் என்று இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

அப்படியென்றால் கணவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருக்க வேண்டுமா? வேண்டாம், போகட்டும், ஆனால் ஃபிளாட்டுக்குள் போக வேண்டாம், ஏரியாவைப் பார்க்கட்டும். நம் ஊரில் வீடு வாங்குகிறவர்கள் மார்பிளையும் மாடுலர் கிச்சனையும் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, தெருவில் தண்ணீர் நிற்பதை முதல் டிசம்பரில்தான் தெரிந்துகொள்கிறார்கள். 2015லும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் என்ன பாடுபட்டன என்று உங்களுக்கே தெரியும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த ஏரியாவைப் பற்றி அதைவிட ஒரு புரோக்கர் என்ன சொல்லிவிட முடியும்? உங்களுக்கு இரண்டு வடகிழக்குப் பருவமழை பார்க்க நேரம் இருக்கிறது, பணம் தயாராக வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். காம்பவுண்ட் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டத்தில் கறைக்கோடு ஓடுகிறதா, தரைத்தள கேட்டின் அடிப்பாகம் மட்டும் துருப்பிடித்திருக்கிறதா, சம்ப் மோட்டாரை மேடை கட்டி ஏற்றி வைத்திருக்கிறார்களா, தெருவை உயர்த்திப் போட்டதில் பழைய வீடுகளின் வாசல் பள்ளமாகிவிட்டதா என்று பாருங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசினால் எந்த வருஷம் எந்த வீடு வரை தண்ணீர் வந்தது என்று சொல்லிவிடுவார். அப்புறம் ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை போய்த் தண்ணீர் லாரி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேளுங்கள். மேடவாக்கம் என்றால் ஒரு வேலைநாளில் காலை எட்டரைக்கு அங்கிருந்து உங்கள் ஆபீசுக்குக் கிளம்பியும் பாருங்கள்.

அதற்குள் விலை ஏறிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வந்தது, மேடவாக்கம் வழியாக மெட்ரோ வேலை நடக்கிறது, அந்தப் பக்கமெல்லாம் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஏறினால் கொஞ்சம் தள்ளியோ கொஞ்சம் சின்னதாகவோ வாங்கிக்கொள்ளலாம். கைப்பணத்துக்கே கடன் வாங்கி வீட்டுக்கடனும் எடுத்தால், இருவரில் ஒருவருக்கு ஆறு மாதம் வேலை இல்லாமல் போனாலும் வீடே கைவிட்டுப் போகும். அந்த வழியை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

வீட்டுக்குள் காலை வைப்பது தேவையான பணம் சேர ஆறு மாதம் இருக்கும்போது போதும். முதலில் வங்கியில் உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தக் கடிதத்துக்குச் சில மாதங்கள்தான் ஆயுள் என்பதால் இப்போதே வாங்கிப் பயனில்லை. கைட்லைன் மதிப்புக்கு (அரசு வைத்திருக்கும் மதிப்பு) மட்டும் பதிவு செய்துவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். பத்திரத்தில் உள்ள தொகைக்குத்தான் வங்கி கணக்குப் போடும், மீதி முழுக்க உங்கள் தலையில். பிடித்த வீட்டுக்கு வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம், பார்த்த பிறகு அட்வான்ஸ் பேசுங்கள், அதையும் அக்ரிமென்ட் போட்டு, கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்.

தாய்ப்பத்திரம், யுடிஎஸ் (ஃபிளாட்டோடு சேர்ந்து வரும் நிலப் பங்கு) பற்றியெல்லாம் இப்போது எழுதினால் உங்களுக்கு மறந்துபோகும். ஏரியா முடிவானதும் எழுதுங்கள், அதைத் தனியாகப் பேசலாம்.

அன்புடன்,
அக்கா