வெந்நீர் வைக்கக் கெட்டிலா, கேஸ் அடுப்பா?

காபி, டீக்கு வெந்நீர் வைக்க எரிசக்தி குறைவாகச் செலவாகும் வழி எது, கேஸ் அடுப்பை விட்டு மின்சாரக் கெட்டிலுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் தண்ணீர் என்றால் கெட்டில் வாங்குங்கள். பாலும் அதிலேயே காய வேண்டும் என்றால் இண்டக்ஷன் அடுப்புதான் சரி. கெட்டிலில் பால் அடிபிடிக்கும், பொங்கி வழியும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 28 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் 100 டிகிரியை எட்ட ஏறக்குறைய 300 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரத்தில் அது 0.084 யூனிட். எந்த அடுப்பும் கெட்டிலும் இதற்குக் கீழே போக முடியாது. எங்கள் வீட்டுக் கெட்டில் 1500 வாட். ஒரு லிட்டருக்கு 4 நிமிடம் எடுக்கிறது. ஆகச் செலவு 0.1 யூனிட். வீணாவது மிகக் கொஞ்சம். உங்கள் கெட்டிலையும் கடிகாரம் வைத்துச் சோதிக்கலாம்: வாட்டை நிமிடங்களால் பெருக்கி 60,000-ஆல் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும்.

கேஸ் அடுப்புக்கு ஐ.எஸ்.ஐ. தரம் கேட்பது குறைந்தது 68 சதவீதத் திறன். பர்னருக்குப் பொருத்தமான அகலப் பாத்திரம் வைத்தால்தான் அது கிடைக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் கொள்ளும் சின்னக் கிண்ணத்தைப் பெரிய பர்னரில் வைத்தால் தீ பக்கவாட்டில் ஏறி அடுக்களையைத்தான் சூடாக்கும். அதற்காகக் கேஸை ஒதுக்கிவிடவும் வேண்டாம். அனல் மின்நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால், மூடி போட்டுச் சின்ன பர்னரில் வைக்கும் வெந்நீர் எரிபொருள் கணக்கில் கெட்டிலை முந்திவிடும். மொட்டை மாடியில் சோலார் பேனல் வைத்திருப்பவர்களுக்குப் பகலில் கெட்டில்தான், யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. கொதி வந்த பிறகு தண்ணீரின் சூடு ஏறாது. கொடுக்கும் வெப்பமெல்லாம் ஆவியாகப் போகும். 100 மில்லி தண்ணீர் ஆவியாக 226 கிலோஜூல் வேண்டும். அதாவது ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்த செலவில் முக்கால் பங்கு! எங்கள் அம்மா பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, அது தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்போதே வேறு வேலை பார்ப்பார். டிகாக்ஷன் போட ஒரு டம்ளர் எடுத்ததுபோக மீதி ஆறிவிடும். மதியம் மறுபடி அடுப்பு, மாலையில் மறுபடி. எத்தனை சிலிண்டர் இப்படிப் போயிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது.

கொதித்ததும் கெட்டில் தானே நின்றுவிடுகிறது. எனக்கு அதன் திறனைவிட இந்தக் குணம்தான் பெரிதாகத் தெரிகிறது. வாங்கும்போது குறைந்தபட்ச அளவுக் கோட்டைப் பாருங்கள். சில கெட்டில்களில் அரை லிட்டருக்குக் குறைவாக ஊற்றக் கூடாது. தனியாளுக்கு அது வீண். உப்புத் தண்ணீர் ஊர் என்றால் உள்ளே வெள்ளையாகப் படியும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் காய்ச்சி ஊறவிட்டுக் கழுவுங்கள்.

கூடவே ஒரு நல்ல பிளாஸ்க் வாங்கிவிடுங்கள். இப்போது அம்மா காலையில் ஒரே முறை ஒரு லிட்டர் காய்ச்சி, டிகாக்ஷனுக்குப் போக மீதியைப் பிளாஸ்கில் ஊற்றி வைக்கிறார். இரவு மாத்திரை போடும்போதும் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது.