கேளுங்க, சொல்றேன்: தாய்மாமன் கிரேயான்

கே: கல்லூரி விழாவில் 'ஆன்டிகனி' நாடகம் போடுகிறோம், எனக்குக் கிரேயான் வேஷம். பிடிவாதம்தான் அவனுடைய குறை என்று வகுப்பில் எழுதிப் போட்டார்கள். அந்தப் பெண்ணும் அதே வீம்புதானே பிடிக்கிறாள், அவளை மட்டும் எப்படி மெச்சுகிறோம்?
- ஒரு மாணவர், கோபிசெட்டிபாளையம்

ப: சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தீப்ஸ் நகரத்தில் அண்ணன் தம்பி இருவரும் அரசுக்காக அடித்துக்கொண்டு செத்துப்போக, வெளியூர்ப் படையோடு வந்தவனுடைய பிணத்தை யாரும் அடக்கம் செய்யக்கூடாது என்கிறான் புது ராஜா கிரேயான். மீறி ஒரு பிடி மண்ணள்ளிப் போட்ட தங்கச்சி ஆன்டிகனியை உயிரோடு குகையில் அடைக்கிறான். கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளீஸ் இதை மேடையேற்றியது சுமார் கி.மு. 441இல்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு உறவுமுறையைச் சொன்னால் இன்னும் சுருக்கென்று தைக்கும். கிரேயான் அவளுக்குத் தாய்மாமன். காது குத்துக்கு மடியில் உட்கார வைத்து, சீர் கொண்டு வந்து நிற்க வேண்டிய ஆள். அவன் மகன் ஹேமனுக்குத்தான் அவளை நிச்சயம் செய்திருக்கிறது, முறைப்பையன்!

வீம்பு இரண்டு பேருக்கும் உண்டு, ஆனால் அவள் செத்துப்போவோம் என்று தெரிந்தே மண்ணைப் போடுகிறாள். ரொம்ப இறுகின இரும்புதான் படக்கென்று உடையும் என்று அவளுக்குப் புத்தி சொல்வது யார் தெரியுமா, கிரேயானேதான். கொஞ்ச நேரம் கழித்து, வெள்ளத்தில் வளைந்து கொடுக்கிற மரம் கொப்போடு தப்பும், விறைத்து நிற்பது வேரோடு போகும் என்று மகன் அதையே அவனிடம் திருப்பிச் சொல்ல (பவானியில் தண்ணீர் வரும்போது கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும்), சின்னப் பையனிடம் நான் பாடம் கேட்கணுமா என்று எகிறுகிறான்.

கடைசியில் அவன் இறங்கி வருகிறான், அதை விட்டுவிடாதீர்கள். குருட்டு ஜோசியர் டைரீசியஸ் சொன்னதும் பயந்து, என்ன செய்யட்டும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்கிறான். முதலில் போய் அந்தப் பெண்ணை வெளியே விடு, அப்புறம் பிணத்துக்கு வழி பண்ணு என்கிறார்கள். இவன் முதலில் பிணத்திடம் போகிறான். கழுவி, எரித்து, மேடு எழுப்பிவிட்டுக் குகைக்குப் போனால், அவள் தூக்கில் தொங்குகிறாள். மகனும் அங்கேயே வாளைப் பாய்ச்சிக்கொள்கிறான், வீட்டில் மனைவியும் போய்ச் சேர்கிறாள்.

எங்கள் அப்பாரு கிணற்று முறைக்காகத் தம்பியோடு பதினாலு வருசம் பேசவில்லை. தம்பி சீக்காகக் கிடக்கிறார் என்று கேட்டதும் கிளம்பினார், ஆனால் கேஸைத் திரும்ப வாங்க முதலில் வக்கீல் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து தம்பி வீட்டுக்குப் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

சோக நாடகத்து நாயகன் விழக் காரணம் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சொல்லும் 'ஹமார்ஷியா'வைக் 'குறை' என்று படித்தால் மச்சம் மாதிரி கூடப் பிறந்தது போல ஆகிவிடுகிறது. அந்தச் சொல்லின் வேரில் இருப்பது குறி தப்புவது. வசனத்தில் கத்துவதைக் குறைத்துக்கொண்டு, 'என்ன செய்யட்டும்' என்று கேட்கிற அந்த ஒரு வரியை நன்றாகப் பயிற்சி எடுங்கள்.

கே: அப்போ நம்ம சிலப்பதிகாரப் பாண்டியனும் கிரேயான் ஜாதிதானே?
- ஒரு வாசகி, தாராபுரம்

ப: இல்லைங்க. பாண்டியன் விசாரிக்காமல் அவசரப்பட்டவன். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் மறுபேச்சு இல்லாமல் அங்கேயே உயிரை விட்டான். கிரேயானாக இருந்தால் பொற்கொல்லனைத் திரும்பக் கூப்பிட்டு, அது மாணிக்கம்தானா என்று உரசிப் பார்க்கச் சொல்லியிருப்பான்.