எதற்காக எதை விடுவீர்கள்?

வாசகர் கேள்வி – பதில்

வாழ்க்கையில் தனக்கு எது முக்கியம் (அதைத்தான் விழுமியம் என்கிறோம்) என்று தெரிந்துகொள்வது, அதை வைத்து முடிவெடுப்பது பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: அலுவலகப் பயிற்சி வகுப்பில் 'உங்கள் விழுமியங்களை எழுதுங்கள்' என்றார்கள். நேர்மை, அன்பு, குடும்பம், உழைப்பு, நன்றி என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்தவரும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதியிருந்தார். இதனால் என்ன பயன்?
– வாசகி, மதுரை

பதில்: எழுதச் சொன்ன விதத்தில்தான் கோளாறு. வெள்ளைத் தாளை நீட்டினால் பள்ளிக்கூடத்தில் படித்த நல்ல சொற்கள்தான் முதலில் வரும். எதற்காக எதை விடுவீர்கள் என்று கேட்டால்தான் ஆளுக்கு ஆள் பதில் மாறும்.

ஒரு மணி நேரம் தனியாக உட்காருங்கள். 40 துண்டுச் சீட்டுகளில் சீட்டுக்கு ஒரு விழுமியமாக எழுதுங்கள். நல்ல பெயர் வாங்கித் தருபவை மட்டும் போதாது. பணப் பாதுகாப்பு, ஊரில் மரியாதை, தனிமை, வசதி, செல்வாக்கு, பக்தி, உடல்நலம், புதிதாகக் கற்பது, யாருக்கும் கைகட்டி நிற்காமல் இருப்பது எல்லாமே இருக்கட்டும். பிறகு மூன்று குவியலாகப் பிரியுங்கள்: மிக முக்கியம், ஓரளவு முக்கியம், எனக்குப் பெரிதில்லை. முதல் குவியலில் 10 சீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அதை 5 ஆகக் குறையுங்கள். கை தயங்குவது இந்த இடத்தில்தான். அவசரப்படாதீர்கள்.

ஐந்தையும் இரண்டிரண்டாக மோதவிடுங்கள். மொத்தம் 10 ஜோடி வரும். ஒவ்வொன்றிலும் 'இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எது?' என்று கேட்டு, வென்றதற்கு ஒரு கோடு போடுங்கள். 4, 3, 2, 1, 0 என்று கோடுகள் விழுந்தால் வரிசை தெளிவு. இரண்டு மூன்று சீட்டுகள் சமமாக நின்றால், ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு வேறு சூழ்நிலையை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருப்பீர்கள். ஒரே சூழ்நிலையை வைத்து அந்த ஜோடிகளை மட்டும் மறுபடி பாருங்கள்.

அடுத்தது சரிபார்ப்பு. கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, வாடகை, தவணை, பள்ளிக் கட்டணம் போன்ற கட்டாயச் செலவுகளை அடித்துவிடுங்கள். மிச்சப் பணமும் வேலை போக மிச்ச நேரமும் எங்கே போயிருக்கின்றன என்று பாருங்கள். 'கற்பது' முதலிடத்தில் இருந்து, மூன்று மாதத்தில் ஒரு மணி நேரம்கூட அதற்குப் போகவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. அது இரவல் வாங்கிய ஆசை, அல்லது உண்மையிலேயே உங்களுடையது, ஆனால் ஏதோ ஒன்று தடுக்கிறது. 'இதைச் செய்தது யாருக்குமே தெரியப்போவதில்லை என்றாலும் செய்வேனா?' என்று கேளுங்கள். ஆம் என்று வந்தால் உங்களுடையது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முதல் ஐந்துக்குள் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை வந்தால் குழம்பிப்போக வேண்டாம். உளவியலாளர் ஷாலோம் ஸ்வார்ட்ஸ் 1992-இல், 20 நாடுகளில் திரட்டிய தரவுகளைக் கொண்டு, மனித விழுமியங்களை 10 வகையாக வட்டத்தில் அடுக்கிக் காட்டினார். அருகருகே இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை முட்டிக்கொள்ளும். சுயமாக முடிவெடுப்பதற்கு எதிர்ப்பக்கம் பாதுகாப்பும் மரபும் இருக்கின்றன. சாதனைக்கும் அதிகாரத்துக்கும் எதிர்ப்பக்கம் பிறர் நலன் இருக்கிறது. ஒருவரிடமே இரண்டு பக்கமும் இருக்கலாம். அதனால்தான் வரிசை தேவைப்படுகிறது.

கேள்வி: வயது 36. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன், சம்பளம் 52,000. புனேயில் 90,000-க்கு வேலை வந்திருக்கிறது. இங்கே சொந்த வீடு, அங்கே வாடகை 24,000. அம்மா பொள்ளாச்சியில் தனியாக இருக்கிறார், சர்க்கரை நோய் உண்டு. மகள் மூன்றாம் வகுப்பு. எனக்கு முக்கியமான ஐந்து: அம்மாவைப் பார்த்துக்கொள்வது, பணப் பாதுகாப்பு, மகளோடு நேரம், தொழிலில் வளர்ச்சி, உடல்நலம். இதை வைத்து எப்படி முடிவெடுப்பது?
– வாசகர், கோவை

பதில்: மொத்தம் 100 மதிப்பெண்ணை ஐந்துக்கும் பங்கிடுங்கள். நீங்கள் தந்த வரிசைப்படி 30, 25, 20, 15, 10 என்று வைத்துக்கொள்வோம். பங்கிட்டு முடித்த பிறகுதான் ஊர்ப் பெயர்களை எழுத வேண்டும். முன்பே எழுதினால், மனம் சாயும் பக்கத்துக்கு ஏற்றபடி கை பங்கிட்டுவிடும்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஊருக்கும் பத்துக்கு எத்தனை என்று போடுங்கள். கோவைக்கு ஐந்தையும் போட்டுவிட்டுப் புனேக்குப் போகாதீர்கள்; அம்மா என்ற வரியில் இரண்டு ஊருக்கும் போட்டுவிட்டு அடுத்த வரிக்கு வாருங்கள். பிடித்த ஊருக்கு எல்லா வரியிலும் தாராளமாகப் போடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு.

உங்கள் கடிதத்திலிருந்து ஒரு மாதிரிக் கணக்கு. அம்மா: கோவை 8, புனே 3. பணம்: 5, 6. சம்பளம் 38,000 கூடினாலும் வாடகை போக மிஞ்சுவது 14,000. அதிலும் வரியும் ஊருக்கு வந்துபோகும் டிக்கெட்டும் போக வேண்டும் என்பதால் புனேக்கு 6-க்கு மேல் போட மனம் வரவில்லை. மகள்: 7, 5. தொழில்: 4, 9. உடல்நலம்: 6, 5. பங்கோடு பெருக்கிக் கூட்டினால் கோவை 625, புனே 525.

இதோடு நிறுத்திக் கோவைதான் என்று முடிவுகட்ட வேண்டாம். எந்த எண்ணை மாற்றினால் விடை புரளும் என்று தேடுங்கள். அம்மா புனேக்கு வரச் சம்மதித்தால் அந்த 3 என்பது 7 ஆகும். புனே 645-க்கு ஏறிவிடும். ஆக, சம்பளத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் பொள்ளாச்சிக்குப் போய் அம்மாவிடம் உட்கார்ந்து பேச வேண்டும். பாஷை தெரியாத ஊரில், நாலாவது மாடியில், நாள் முழுக்க என்ன செய்வார்? வழக்கமாகப் பார்க்கும் டாக்டரை விட்டு வருவாரா? 'நீ போய்ட்டு வா கண்ணு, நான் பார்த்துக்கறேன்' என்று ஒரே வரியில் சொன்னால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவர் மனதார ஒத்துக்கொண்டாலும் 645-க்கும் 625-க்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆயிரத்தில் 50-க்குக் குறைவான இடைவெளியைச் சமம் என்றே கொள்ளலாம். அப்போது, சரிவராவிட்டால் எதிலிருந்து சுலபமாகத் திரும்பலாம் என்று பாருங்கள். முதல் மூன்று மாதம் நீங்கள் மட்டும் போகலாம். மகளைப் பள்ளியாண்டு நடுவில் மாற்ற வேண்டாம். கோவை வீட்டை உடனே வாடகைக்கு விடவும் வேண்டாம்.

கேள்வி: ஐ.ஏ.எஸ். ஆவதுதான் என் விழுமியம் என்று எழுதலாமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: அது இலக்கு, தம்பி. ஒருநாள் அடைந்துவிடலாம், அடையாமலும் போகலாம். பொதுப் பிரிவினருக்கு 6 வாய்ப்பு, ஓ.பி.சி. பிரிவினருக்கு 9 என்று அதற்கு எல்லை உண்டு. 'எதற்காக?' என்று மூன்று முறை கேளுங்கள். ஊராருக்கு உதவ என்று வந்தால், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தருவதை இந்த வாரமே தொடங்கலாம். மரியாதைக்காக என்று வந்தால் அதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். மறைத்துவைத்த விழுமியம்தான் பின்னால் முடிவுகளைக் கெடுக்கும்.

கேள்வி: மகள் பதிவுத் திருமணம் போதும் என்கிறாள். நான் மண்டபம் பிடித்துச் செய்ய வேண்டும் என்கிறேன். வீட்டில் தினம் சண்டை. யார் விழுமியம் சரி?
– தாய், புதுக்கோட்டை

பதில்: மண்டபமும் பதிவு அலுவலகமும் விழுமியம் அல்ல அம்மா, வழிகள். அவற்றுக்குப் பின்னால் இருப்பதைத் தோண்ட வேண்டும். முதல் பதிலில் சொன்னபடி நீங்களும் மகளும் தனித்தனியாகச் சீட்டுப் பிரியுங்கள். கூடவே, மற்றவருடைய முதல் மூன்று எதுவாக இருக்கும் என்றும் எழுதி வையுங்கள். மாற்றிப் பார்க்கும்போது, ஊகம் தவறிய இடத்தில் பேச்சைத் தொடங்குங்கள்.

உங்கள் பக்கம் மொய் நோட்டு இருக்கக்கூடும். எத்தனையோ வீட்டு விசேஷத்தில் எழுதியிருப்பீர்கள், அவர்களைக் கூப்பிடாமல் இருப்பது நன்றிகெட்டதனமாகத் தெரியும். மகள் பக்கம் பெற்றவர்களைக் கடனில் தள்ளக் கூடாது என்ற எண்ணம் இருக்கலாம். இரண்டும் நல்லவை, இரண்டுக்கும் இடமுண்டு. முதலில் கடன் வாங்காமல் செலவழிக்கக்கூடிய தொகையை எழுதுங்கள். பிறகு மொய் நோட்டைப் புரட்டி, கட்டாயம் கூப்பிட வேண்டிய குடும்பங்களை எண்ணுங்கள். அந்தத் தொகைக்குள் அவர்களுக்குச் சாப்பாடு போடலாமா என்று கணக்குப் பார்த்துவிட்டு, இடத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். இடத்திலிருந்து தொடங்கினால் சண்டை தீராது.

கேள்வி: ஒருமுறை பிரித்த வரிசை ஆயுளுக்கும் செல்லுமா?
– வாசகர், சேலம்

பதில்: செல்லாது. ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது குழந்தைப் பிறப்பு, நோய், ஓய்வு போன்ற பெரிய மாற்றத்துக்குப் பிறகு மறுபடி பிரியுங்கள். துக்கம் நடந்த வீட்டிலும், மேலதிகாரியோடு சண்டை போட்ட வாரத்திலும் வேண்டாம்; அப்போது வலிக்கும் இடம் மட்டும்தான் முதலிடத்துக்கு வரும். பழைய வரிசையைத் தேதி போட்டுப் பத்திரமாக வைத்துவிட்டு, புதியதை முடித்த பிறகே எடுத்துப் பாருங்கள்.